பகல் விளக்கு

பயனற்ற ஒன்றைச் சுட்டுவதற்குப் ‘பகல் விளக்குப் போல’ என்று கூறுவது நம் மக்களின் வழக்கு. கதிரவன் எழுந்த பின்னர் விளக்கிற்கு வேலையில்லை. எரிந்தால் எண்ணெய்க்குக் கேடு. அதனை அணைப்பதே அறிவுடைமை. ஸுப்ஹுத் தொழுகை முடிந்து கிழக்கு வெளுத்ததும், மாடத்தில் எரியும் சிமினி விளக்கை முதல் வேலையாக ஊதி அணைக்கும் பாட்டியிடம் வளர்ந்தவன் நான். ஆகவே, பகலில் விளக்கு எரிய ஒரு வண்டி வருவதைக் கண்டால் என் கை தானாகவே உயர்ந்துவிடும்.

கையை உயர்த்தி ஐந்து விரல்களையும் குவித்து விரித்துக் காட்டினால், ‘உங்கள் வண்டியில் விளக்கு எரிகிறது, அணைத்து விடுங்கள்’ என்பது பொருள். நம் சாலைகளில் வழங்கும் எழுத்தில்லா மொழி இது. முன்பின் அறியாதவருக்கும் நன்மை நாடும் நல்ல மொழி. எத்தனையோ ஆண்டுகள் நானும் அம்மொழியை அன்போடு பேசி வந்தேன்.

2017ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒருநாள் காலை, கல்லூரி வாயிலில் புதிய மோட்டார் சைக்கிளில் வந்த நம் துறை மாணவர் ஒருவருக்கும் அவ்வாறே விரல் விரித்துக் காட்டினேன். அவர் வண்டியை நிறுத்திச் சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஐயா, இன்றைக்கு நீங்கள் ஏழாவது ஆள். இந்த வண்டியில் விளக்கை அணைக்கும் சுவிட்சே கிடையாது.”

அவர் கூறியது உண்மை. 2017 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நம் நாட்டில் விற்பனைக்கு வரும் புதிய இருசக்கர வாகனங்கள் யாவற்றிலும், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் முகப்பு விளக்குத் தானே எரியவேண்டும் என்று விதி வந்திருந்தது. விதியை நான் அறிந்திருக்கவில்லை. அறிந்த பின்னரும் அதன் காரணத்தை எண்ணிப் பார்க்கவில்லை. ‘வெயில் கொளுத்தும் நாட்டில் இது என்ன வீண் செலவு!’ என்று ஆசிரியர் ஓய்வறையில் பேசிச் சிரித்தவர்களுள் நானும் ஒருவன்.

அந்தச் சிரிப்பு அடுத்த ஆண்டு என்னைவிட்டு நீங்கியது. அதற்கான காரணத்தையும், அதன்பின் நான் எண்ணித் தெளிந்தவற்றையும் இங்கு எழுத விழைகிறேன். வாகனம் ஓட்டும் மாணவச் செல்வங்களும், பிள்ளைகளுக்கு வாகனம் வாங்கித் தரும் பெரியோர்களும் இதனைப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

கண்மாய்க்கரைத் திருப்பம்

என் ஊரிலிருந்து கல்லூரிக்கு இருபது கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. இருவழிச் சாலை. சாலை கிழக்கிலிருந்து மேற்காக ஓடுகிறது. பாதித் தொலைவு வரை இருபுறமும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும். அதற்கப்பால் கண்மாய்க்கரையை ஒட்டிப் பழம்புளிய மரங்கள் கைகோத்து நிற்கின்றன. கோடையில் அந்த நிழலுக்குள் நுழையும்பொழுது, அம்மரங்களை நட்டவர்களுக்காக என் நெஞ்சம் துஆச் செய்யும்.

2018ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஒருநாள் காலை எட்டேகால் மணியளவில் அந்நிழலுக்குள் என் காரை ஓட்டி வந்தேன். விரைவு மணிக்கு அறுபது கிலோமீட்டர் இருக்கலாம். கண்மாய்க்கரை வழியாக வந்த ஒரு பால்காரர், தம் பழைய மொபெட்டில் இருபுறமும் பால்கேன்கள் தொங்க, சாலையின் விளிம்பில் ஒரு கணம் நின்றார். என் பக்கம் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு, நேரே சாலைக்குள் ஏறினார்.

நான் பிரேக்கை அழுத்தியும், அதற்குள் இடைவெளி முடிந்துவிட்டது. காரின் இடப்புற முனை அவர் வண்டியின் பின்பாகத்தில் இடித்தது. அவர் தூக்கி எறியப்பட்டார். கேன்கள் உருண்டன. கறுத்த தார்ச்சாலையில் வெள்ளைப் பால் ஓடிப் பரவிய காட்சி இன்றும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

அல்ஹம்துலில்லாஹ், உயிருக்குக் கேடில்லை. இடது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. மருத்துவமனைக்கு அவரை என் காரிலேயே ஏற்றிச் சென்றேன். வழியில், வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன், வலியால் துடிக்கும் அம்மனிதரிடம் நான் கோபப்பட்டேன். “நின்று பார்த்தீர்களே! இவ்வளவு பெரிய கார் வருவது கண்ணுக்குத் தெரியவில்லையா?” என்றேன்.

அவர் முனகலுக்கிடையே சொன்னார்: “சத்தியமாத் தெரியலை வாத்தியாரய்யா. ரோடு வெறுமையாத்தான் இருந்துச்சு.”

பொய் சொல்கிறார் என்றே எண்ணினேன். காவல் நிலையத்தில் எழுதப்பட்டபொழுதும் தவறு அவருடையது என்றே கொள்ளப்பட்டது. பக்கவழியிலிருந்து பெருஞ்சாலைக்கு வருபவர் நின்று, பார்த்து, வழிவிட்டு வரவேண்டும் என்பதே விதி. விதி என் பக்கம் இருந்தது. எனினும், ‘ரோடு வெறுமையாத்தான் இருந்துச்சு’ என்ற சொல் என்னை உறங்கவிடவில்லை. நின்று, திரும்பிப் பார்த்த ஒருவருக்கு நான் எவ்வாறு தெரியாமற் போனேன்?

பத்து நாள்களுக்குப் பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே காலை எட்டேகால் மணிக்கு, என் தம்பியை அழைத்துக்கொண்டு அவ்விடம் சென்றேன். பால்காரர் நின்ற இடத்தில் நான் நின்றுகொண்டேன். தம்பி காரை ஒரு கிலோமீட்டர் கிழக்கே கொண்டு சென்று, திரும்பி ஓட்டி வந்தார்.

அப்பொழுதுதான் உண்மை விளங்கிற்று. கிழக்கே பார்த்த என் முகத்தில் காலைக்கதிர் நேரே அடித்தது. அதற்குக் கீழே புளியமர நிழல் ஒரு குகைபோல் கிடந்தது. நிழலுக்குள்ளும் முழு இருள் இல்லை. இலைகளுக்கிடையே ஒழுகிய வெயில், தரையெங்கும் வெள்ளைத் திட்டுகளைச் சிதறியிருந்தது. என் காரின் நிறம் சாம்பல். சாலையின் நிறமும் அதுவே. தம்பி வந்துகொண்டிருக்கிறார் என்பதை அறிந்தே நான் பார்த்தேன். ஆயினும் கார் மிக நெருங்கிய பின்னரே அது கார் என்று என் கண் சொன்னது.

“இந்த முறை விளக்கைப் போட்டுக்கொண்டு வா” என்று தம்பியை மீண்டும் அனுப்பினேன். நிழற்குகையின் தொலைக்கோடியில் அது நுழைந்த கணத்திலேயே இரண்டு புள்ளிகள் பளிச்சிட்டன. அவற்றை யான் தேடவேண்டியிருக்கவில்லை. அவையே என்னைத் தேடிவந்து கண்ணில் விழுந்தன.

மணிக்கு அறுபது கிலோமீட்டர் விரைவில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. பால்கேன் ஏற்றிய மொபெட் சாலையைக் கடக்க நான்கு நொடிகளேனும் வேண்டும். அதற்குள் கார் எழுபது மீட்டர் அளவுக்கு வந்துவிடும். ஆகவே, அத்தொலைவுக்கு அப்பாலேயே கார் கண்ணில் பட்டாலன்றி, அவர் கடக்கத் துணிவது பிழையாகிவிடும். பால்காரர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தார். நான்தான் தெரியவில்லை.

அத்தாவின் சொல்

அன்று வீடு திரும்பும்பொழுது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது.

என் அத்தா மலேசியாவில் ஈப்போ நகரில் ஓர் உணவுக்கடையில் பணியாற்றினார்கள். நம் பகுதியின் பல குடும்பங்களைப் போல எங்கள் அடுப்பும் கடல் கடந்த உழைப்பால்தான் எரிந்தது. 1993இல் விடுப்பில் ஊருக்கு வந்திருந்தபொழுது, சிறிய தந்தையாரின் டிவிஎஸ் 50 வண்டியை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குச் செல்வார்கள். பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் செல்வார்கள். முறுக்கினால் கூடியும் தளர்த்தினால் மங்கியும் அந்தச் சிறு விளக்கு மினுக்மினுக்கென்று எரியும். தெருவே சிரித்தது. “மலேசியாக்காரருக்கு நம்ம ஊரு வெயில் பத்தலை போல” என்று தேநீர்க்கடையில் கேலி பேசினார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. “அத்தா, பகலில் எதற்கு விளக்கு? உங்களுக்குக் கண் தெரியவில்லையா?” என்று கேட்டே விட்டேன்.

“அங்கே இப்ப அதுதான்டா சட்டம். இது எனக்குப் போட்ட விளக்கு இல்லை, எதிரே வர்றவனுக்குப் போட்டது” என்றார்கள் அத்தா.

மலேசிய அரசு 1992ஆம் ஆண்டு செப்டம்பரில், மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முகப்பு விளக்கு எரிய ஓடவேண்டும் என்று சட்டம் கொண்டு வந்தது. அதன் விளைவை ஆராய்ந்த அந்நாட்டு ஆய்வாளர்கள், மோட்டார் சைக்கிள் கண்ணில் படாமையால் நேரும் விபத்துகள் சற்றேறக்குறைய 29 விழுக்காடு குறைந்ததாக 1996இல் எழுதினர். இவற்றையெல்லாம் நான் பின்னரே படித்தேன். பள்ளி இறுதிவகுப்பும் முடிக்காத என் அத்தா, அக்கருத்தின் சாரத்தை ஒரே தொடரில் சொல்லிவிட்டார்கள். எம்.ஃபில். பட்டம் பெற்ற மகனுக்கு அது விளங்க ஒரு பால்காரரின் கால் முறிய வேண்டியிருந்தது. அத்தா 2011இல் மறைந்துவிட்டார்கள். ‘நீங்கள் சொன்னது சரி’ என்று அவர்களிடம் சொல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை.

விளங்குதலும் விளக்குதலும்

வகுப்பறையில் தன்வினை, பிறவினை வேறுபாட்டைக் கற்பிக்கும்பொழுது திருந்து – திருத்து, உருள் – உருட்டு என்று எடுத்துக்காட்டுகள் தருவோம். விளங்கு – விளக்கு என்பதும் அவ்வகையினதே. தான் ஒளிர்வதும் தெளிவாதலும் விளங்குதல். பிறிதொன்றை ஒளிரச் செய்வதும் தெளிவாக்குவதும் விளக்குதல். அப்பிறவினையின் வடிவிலேயே நாம் விளக்கு என்ற பொருளுக்கும் பெயரிட்டு வழங்குகிறோம். விளக்கென்றால் பிறவற்றைக் காட்டுவது என்ற எண்ணம் நம் சொல்லிலேயே ஊறிக் கிடக்கிறது.

வாகன விளக்கு இரவில் செய்வது விளக்குதல். பள்ளத்தையும் மேட்டையும் மாட்டையும் மனிதரையும் ஓட்டுபவருக்கு அது காட்டுகிறது. பகலில் அது செய்வது விளங்குதல். ஓட்டுபவருக்கு அது எதனையும் காட்டுவதில்லை. ஓட்டுபவரைப் பிறருக்குக் காட்டுகிறது. ‘பகலில்தான் எனக்கு எல்லாம் தெரிகிறதே, விளக்கெதற்கு?’ என்ற வினாவில் உள்ள பிழை ‘எனக்கு’ என்ற சொல்லில் இருக்கிறது.

பிற நாடுகள் கண்டது

எனினும், ஒரு நிகழ்ச்சியை மட்டும் கொண்டு உலகத்துக்கே விதி எழுதுவது ஆராய்ச்சி நெறியாகாது. ஆகவே இதுபற்றிப் பிற நாடுகள் செய்தவற்றைத் தேடிப் படித்தேன்.

பகல் விளக்கை முதலில் கட்டாயமாக்கியவை வடபுல நாடுகள். பின்லாந்து 1972இல் குளிர்காலத்தில் நகர்ப்புறத்திற்கு வெளியே உள்ள சாலைகளுக்கு இவ்விதியைக் கொண்டு வந்தது. ஸ்வீடன் 1977இல் எல்லா வாகனங்களுக்கும் ஆண்டு முழுவதும் விதித்தது. நார்வேயும் டென்மார்க்கும் பின்தொடர்ந்தன. கனடா 1989 டிசம்பர் முதல் புதிய வாகனங்கள் யாவும் பகல் விளக்குடன் வரவேண்டும் என்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2011 பிப்ரவரி முதல் புதிய வகைக் கார்களில், முகப்பு விளக்கன்றி, அதனினும் மங்கலான தனிப் பகல் விளக்கைப் பொருத்தச் செய்தது. இன்று நம் சாலைகளில் புதுக்கார்களின் முகத்தில் புருவம்போல் ஒளிரும் எல்இடி விளக்குகள் அந்த மரபில் வந்தவையே.

மறுபுறமும் உண்டு. ஆஸ்திரியா 2005ஆம் ஆண்டு நவம்பரில் இவ்விதியைக் கொண்டுவந்து, 2008 சனவரி முதல் நாளிலேயே கைவிட்டது. பயன் ஐயத்திற்குரியது என்பதும், விளக்கில்லாத வழிப்போக்கரிடமிருந்து கவனம் விலகிவிடும் என்பதும் அங்கு எழுந்த வாதங்கள். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சாலைப் பாதுகாப்புத் துறை 2008இல் வெளியிட்ட ஆய்வில், கார்களின் பகல் விளக்கால் ஒட்டுமொத்த விபத்துகளில் உறுதிபடக் கூறத்தக்க குறைவு காணப்படவில்லை.

இவற்றை ஒருங்கே வைத்து நோக்குங்கால் இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, வெயில் மிகுந்த நாட்டில் பகல் விளக்குப் பயன்படாது என்ற கூற்று மலேசியாவில் பொய்த்துவிட்டது. நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள அந்நாட்டின் வெயில் நம் வெயிலுக்கு இளைத்ததன்று. இரண்டாவது, மோட்டார் சைக்கிளுக்குப் பெரிதும் பயன்பட்டது காருக்கும் அதே அளவில் பயன்படும் என்று முடிவுகட்டிவிட முடியாது. மோட்டார் சைக்கிள் எதிரே வரும்பொழுது ஒரு கோடளவே தெரிவது, கார் அகன்றது. விளக்கின் உதவி சிறியதற்கே மிகுதியாகத் தேவைப்படுகிறது.

மாணவர் எழுப்பிய வினா

அந்த விபத்திற்குப் பின் நான் பகலில் விளக்கைப் போட்டே காரோட்டலானேன். எதிரே வருபவர்கள் எனக்கு விரல் விரித்துக் காட்டினார்கள். நான் சிரித்துத் தலையசைத்துக் கடந்துபோனேன். புதிதாக ஒன்றைத் தெளிந்தவனுக்கு உரிய ஆர்வத்துடன் வகுப்பிலும் இதுபற்றிப் பேசினேன். ‘எல்லாக் கார்களுக்கும் இதைச் சட்டமாக்க வேண்டும்’ என்று முடித்தேன்.

கல்லூரி வாயிலில் என்னைப் பார்த்துச் சிரித்த அதே மாணவர் எழுந்தார். “ஐயா, இப்பொழுது சாலையில் விளக்கோடு வருவது நாங்கள் மட்டும்தான். அதனால்தான் எங்களைக் கவனிக்கிறார்கள். காரும் பேருந்தும் லாரியும் எல்லாம் விளக்குப் போட்டுக்கொண்டு வந்தால், அந்த வரிசையில் எங்கள் ஒற்றை விளக்கு யார் கண்ணுக்குத் தெரியும்?” என்று கேட்டார்.

என்னால் உடனே விடையிறுக்க இயலவில்லை. அவர் கேட்டது ஐரோப்பிய மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் அமைப்புகள் எழுப்பிய அதே வினா. 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர் என்று ஒன்றிய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள்; 19.5 விழுக்காட்டினர் நடந்து சென்றவர்கள். இறந்த மூவரில் ஏறக்குறைய இருவர், தம்மைச் சுற்றி இரும்புக்கூடு இல்லாதவர்கள். காரில் செல்பவன் தன்னைக் காட்டிக்கொள்ளப் போடும் விளக்கு, இவர்களை மறைக்கும் திரையாகிவிடலாகாது. அம்மாணவரின் வினாவில் வலிமையற்றவர்களின் உரிமை அடங்கியிருந்தது.

வேறு தடைகளும் சொல்லப்பட்டன. மூத்த பேராசிரியர் ஒருவர் எரிபொருளைச் சுட்டிக்காட்டினார். அதுவும் பொருளற்றதன்று. பழைய வகை முகப்பு விளக்கு ஒவ்வொன்றும் 55 வாட் மின்சாரம் கொள்வது. இரண்டுக்கும் 110 வாட். அம்மின்சாரம் எஞ்சினிலிருந்து வருகிறது. எஞ்சினுக்குப் பெட்ரோலிலிருந்து வருகிறது. ஆனால் எல்இடி பகல் விளக்குக்கு இதில் ஒரு சிறு பங்கே போதும். இயற்பியல் துறை நண்பரோ வேறோர் இடரைச் சொன்னார்: “பகல் விளக்கு எரிவதைப் பார்த்து, எல்லா விளக்கும் எரிகின்றன என்று நினைத்துக்கொள்வார்கள். பல கார்களில் பகல் விளக்கு எரியும்பொழுது பின்விளக்கு எரிவதில்லை. மழையிலும் அந்திக் கருக்கலிலும் முதுகில் விளக்கில்லாமல் போய்க்கொண்டிருப்பார்கள்.” இதனை மாலை வேளைகளில் நானே பலமுறை கண்டிருக்கிறேன்.

நான் கொண்ட முடிவு

கார்கள் பகலில் விளக்குடன் ஓடலாமா என்ற வினாவிற்கு இன்று என் விடை இதுவே. புதிதாக வரும் கார்களில் குறைந்த ஒளியுடைய தனிப் பகல் விளக்கு இருப்பது நல்லது. இருளும்பொழுது முகப்பு விளக்கும் பின்விளக்கும் தாமே எரியும் ஏற்பாடும் அதனோடு சேர்ந்தே இருக்கவேண்டும். அவ்விளக்கில்லாத என்னுடையதைப் போன்ற பழைய கார்கள், ஊருக்கு வெளியே, எதிரெதிரே வண்டிகள் வரும் இருவழிச் சாலையில், மரநிழலிலும் மழையிலும் பனியிலும் முகப்பு விளக்கை ‘டிம்’மில் வைத்து ஓடலாம். நெரிசல் மிகுந்த கடைத்தெருவில் அதற்குத் தேவையில்லை. அங்கே அது மோட்டார் சைக்கிளின் விளக்கை விழுங்கிவிடும். ‘பிரைட்’ விளக்கைப் பகலில் எரியவிட்டு எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்வதோ எவ்விடத்தும் தீங்கு. ‘நான் பெரியவன், ஒதுங்கு’ என்ற அதிகாரமே அதில் ஒலிக்கிறது.

மாணவர் கேட்டதற்கும் இதில் விடை இருப்பதாக நம்புகிறேன். காரின் பகல் விளக்கு, மோட்டார் சைக்கிளின் முகப்பு விளக்கைவிட ஒளியில் தாழ்ந்ததாக இருக்கட்டும். வலியவன் தன் விளக்கைத் தாழ்த்தி எரிப்பதே முறை. அடுத்த வாரம் அவரிடம் இதனைச் சொன்னேன். “பாதி ஒப்புக்கொள்கிறேன் ஐயா” என்றார். பாதியே போதும்.

ஆனால் இம்முடிவிலும் ஒரு குறை எஞ்சியிருப்பதை விரைவில் உணர்ந்தேன். எங்கள் பள்ளிவாசல் மோதினார் எழுபதை நெருங்கியவர். சைக்கிளில்தான் வருவார், போவார். விபத்து நடந்து ஏழெட்டுத் திங்கள் கழித்து, விளக்கெரிய நான் காரோட்டி வந்த ஒரு காலையில், அதே புளியமர நிழலில் அவரை மிக அருகில் வந்த பின்னரே கண்டேன். ஒதுங்கிக் கடந்துவிட்டேன், ஒன்றும் நேரவில்லை. ஆயினும் கை நடுங்கிற்று. எதிரே வந்த வண்டிகளின் விளக்குகளையே என் கண் எண்ணிக்கொண்டு வந்திருந்தது. விளக்கற்ற சைக்கிள் எனக்கு ‘வெறுமையான ரோடு’ ஆகிவிட்டது. பால்காரர் நின்ற இடத்தில் இப்பொழுது நான் இருந்தேன்.

விளக்கு என்னைப் பிறருக்குக் காட்டும். பிறரைப் பார்க்கும் கடமையை அது எனக்குப் பதிலாகச் செய்யாது. சைக்கிளில் செல்லும் முதியவருக்கும், நடந்து செல்லும் பள்ளிப் பிள்ளைக்கும், ஆடு ஓட்டிச் செல்லும் பெண்ணுக்கும் எந்தச் சட்டமும் நெற்றியில் விளக்கு மாட்டிவிட இயலாது. அவர்களுக்கு உரிய விளக்கு, ஓட்டுபவனின் கண்ணும் அவனுடைய நிதானமுமே. அன்று முதல் அந்த நிழலுக்குள் விளக்கைப் போடுவதோடு விரைவையும் நாற்பதுக்குக் குறைத்துக்கொள்கிறேன்.

வழியில் கிடக்கும் இடரை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததை நாம் சிறுவயது முதல் கேட்டு வருகிறோம். முள்ளையும் கல்லையும் கண்டால் எடுத்துப் போடுகிறோம். கண்ணுக்குத் தெரியாமல் விரைந்து வரும் ஒரு வாகனமும் வழியில் கிடக்கும் இடரே என்பதை நான் நாற்பது வயதில்தான் உணர்ந்தேன். அந்த இடர் நானாகவே இருந்தேன்.

பால்காரருக்கு எலும்பு கூட நான்கு திங்கள் ஆயிற்று. அதுவரை அவருடைய மனைவியார் தலைச்சுமையாகப் பால் ஊற்றினார். என்னால் இயன்றதைச் செய்தேன். அது போதுமானதன்று என்பதும் அறிவேன். இப்பொழுது அவர் மீண்டும் வண்டியில் வருகிறார். சற்றே காலைத் தாங்கி நடக்கிறார். கண்மாய்க்கரைத் திருப்பத்தில் என் காரைக் கண்டால், முழுவதும் கடந்து போகும்வரை நின்று, கையுயர்த்தி ஸலாம் சொல்லுமாப்போலச் சிரிப்பார்.

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் அவருடைய மொபெட்டிலும் பகலில் விளக்கெரிவதைக் கண்டேன். பழைய வண்டி, தானாக எரியும் ஏற்பாடு அதில் இல்லை. அவரேதான் போட்டிருக்கவேண்டும். என் கை பழைய பழக்கத்தில் ஸ்டியரிங்கிலிருந்து உயர்ந்தது, விரல்கள் குவிந்தன.

விரிக்கவில்லை. இறக்கிக்கொண்டேன்.